ஒரே கோப்பில் பல மொழிகள்: பேபல் உருவான கதை

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவில் ஆம்ஹெர்ஸ்ட் என்ற ஊரில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக் கொண்டிருந்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர், இரண்டு பேராசிரியர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். வகுப்பில் கொடுத்த ஒரு பயிற்சியில் தொடங்கிய விஷயம் அது. பெயர் பெற்ற ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து, அதே கணக்கைத் திரும்பவும் போட்டு, அதே விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

அவர் எடுத்துக் கொண்டது கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2010இல் எழுதிய கட்டுரை. ஒரு நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று அது சொன்னது. பல நாடுகளில் அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் இந்த எண்ணைத்தான் மேற்கோள் காட்டினார்கள். ஹெர்ண்டன் எத்தனை முறை போட்டுப் பார்த்தும் விடை சேரவில்லை. கடைசியில் கட்டுரை ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டு, அவர்களுடைய எக்ஸெல் கோப்பை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் 30ஆம் வரியிலிருந்து 49ஆம் வரி வரை போக வேண்டியது, 44ஆம் வரியோடு நின்று போயிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடுகள் கணக்கிலேயே வரவில்லை.

நியாயமாகச் சொன்னால், இந்தச் சூத்திரப் பிழையால் வந்த வித்தியாசம் சிறியதுதான். எந்த ஆண்டுகளைச் சேர்த்தார்கள், எந்த நாட்டுக்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பதில்தான் பெரிய சண்டை. எல்லாவற்றையும் திருத்திய பிறகு, கடன் அதிகமுள்ள நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்பதற்குப் பதிலாக 2.2 சதவீதம் என்று ஹெர்ண்டன் குழு சொன்னது. ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் எக்ஸெல் பிழையை ஒப்புக் கொண்டார்கள், முடிவை விட்டுக் கொடுக்கவில்லை. அந்த விவாதம் தனிக்கதை. இங்கே பார்க்க வேண்டியது வேறு. கட்டுரை ஒரு இடத்தில் இருந்தது, கணக்கு வேறொரு இடத்தில் இருந்தது. நடுவில் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பிளஸ் ஒன்னிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்: குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதும்போதுதான் பிழை நுழையும். ஒரு இடத்தில் இருக்கும் எண்ணை மனிதன் கையால் இன்னொரு இடத்துக்குக் கொண்டு போகும் ஒவ்வொரு முறையும் ஆபத்து. கணினி வந்த பிறகு எடுத்தெழுதும் வேலை போய்விட்டது என்று நினைக்கிறோம். போகவில்லை. "காப்பி, பேஸ்ட்" என்று பெயர் மாறியிருக்கிறது!

எழுத்தையும் கணக்கையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன என்று கேட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் டொனால்ட் க்னூத். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதியவர். 1984இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில் நிரலை இலக்கியம் போல எழுத வேண்டும் என்றார். கணினிக்குப் புரிய வேண்டும் என்பதை இரண்டாவதாக வைத்து, படிக்கிற மனிதனுக்கு விளக்குவதை முதலில் வையுங்கள் என்பது அவர் கட்சி. அதற்காக அவர் செய்த கருவியின் பெயர் 'வெப்'. (இணையத்தின் வெப் அப்போது பிறக்கவே இல்லை. கணினி உலகில் இன்னும் யாரும் எடுத்துக் கொள்ளாத மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.) ஒரே கோப்பிலிருந்து 'வீவ்' என்ற நிரல் அச்சுக்குப் போகும் கட்டுரையைப் பின்னும், 'டாங்கிள்' என்ற நிரல் கணினிக்கு வேண்டிய நிரலைப் பிரித்தெடுக்கும்.

க்னூத் பார்த்தது நிரல் எழுதுபவனின் பக்கம். ஆராய்ச்சியின் பக்கத்தைப் பார்த்தவர் ஸ்டான்ஃபோர்டில் புவியியற்பியல் பேராசிரியராக இருந்த ஜான் கிளேர்பௌட். மாணவர் பட்டம் வாங்கிப் போன பிறகு அவர் வரைந்த படத்தை அடுத்த மாணவரால் திரும்ப வரைய முடியவில்லை என்பது அவருடைய தலைவலி. 1990களின் தொடக்கத்தில் அவர் தன் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஏற்பாடு செய்தார். ஆய்வேட்டில் உள்ள படங்களை ஒரு கட்டளை கொடுத்து அழித்து, இன்னொரு கட்டளை கொடுத்துத் திரும்ப உருவாக்க முடிய வேண்டும். 2002இல் வியன்னாவைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் லைஷ், புள்ளியியலுக்கான ஆர் மொழிக்கு 'எஸ்வீவ்' என்ற கருவியைக் கொண்டு வந்தார். கட்டுரைக்கு நடுவே ஆர் நிரலை எழுதி வைத்தால், கட்டுரை தயாராகும்போது நிரல் ஓடி, விடை அந்த இடத்தில் தானாக வந்து உட்காரும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புற்றுநோய் ஆராய்ச்சியில் தெரிந்தது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லலாம் என்று டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் ஒரு ஆய்வு வந்தது. கீத் பாகர்லி, கெவின் கூம்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். பட்டியலில் மரபணுப் பெயர்கள் ஒரு வரி தள்ளிப் போயிருந்தன. குறிகள் தலைகீழாக மாறியிருந்தன. அதற்குள் அந்த ஆய்வை நம்பி நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைகளே தொடங்கியிருந்தன. அவை பின்னால் நிறுத்தப்பட்டன, கட்டுரையும் 2011இல் திரும்பப் பெறப்பட்டது. பாகர்லியும் கூம்ஸும் தங்கள் பரிசோதனை அறிக்கைகளை எஸ்வீவில் எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால் எஸ்வீவுக்கு ஆர் மட்டும்தான் தெரியும். உண்மையான வேலை ஒரே மொழியில் நடப்பதில்லை. கோப்பைச் சுத்தம் செய்ய ஷெல், தரவுத்தளத்தில் கேட்க எஸ்க்யூஎல், கணக்குப் போட பைத்தான், படம் வரைய ஆர் என்று ஒரே ஆய்வில் நாலு மொழி வந்துவிடும். ஒவ்வொரு மொழிக்கும் நடுவே மறுபடியும் அதே காப்பி, பேஸ்ட்.

இங்கேதான் ஆர்க் மோட் வருகிறது. ஈமேக்ஸ் என்ற பழைய எழுத்துத் திருத்தி மென்பொருளுக்குள் ஓடும் ஒரு வசதி அது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தன் குறிப்புகளையும் வேலைகளையும் ஒழுங்குபடுத்திக் கொள்ள எழுதியது. தலைப்புக்கு முன்னால் நட்சத்திரக் குறி, செய்ய வேண்டிய வேலைக்கு 'டூடூ', முடிந்ததற்கு 'டன்'. கோடு போட்டால் அட்டவணை. எல்லாம் வெறும் எழுத்து. எந்தக் கணினியில், எந்த மென்பொருளில் திறந்தாலும் படிக்கலாம். (எழுத்துருக் குறியாக்கம் ஒத்துப் போனால்! டிஸ்கியிலும் டாபிலும் சேமித்த பழைய தமிழ்க் கோப்புகளைத் திறந்து விழித்தவர்களுக்கு இந்த அடைப்புக்குறி புரியும்.)

2009இல் இரண்டு பேர் இந்த எழுத்துக் கோப்புக்குள் நிரலை ஓட்ட வேண்டும் என்று திட்டம் போடத் தொடங்கினார்கள். ஒருவர் எரிக் ஷுல்ட்டே, நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கணினியியல் ஆய்வு மாணவர். இன்னொருவர் டான் டேவிசன், ஆர்க் அட்டவணைகளை ஆர் மொழிக்குக் கொண்டு போகும் ஒரு சிறு இணைப்பை ஏற்கனவே எழுதியிருந்தவர். முதலில் 'ரோர்க்' என்று பெயர். ஆர் மொழியை மட்டும் மனதில் வைத்த பெயர். பிறகு 'லிட்டோர்ஜி'. அதன் பிறகுதான் 'பேபல்'. தமிழ் விவிலியத்தில் பாபேல் என்று வருமே, எல்லோரும் ஒரே மொழி பேசி ஒரு கோபுரம் கட்டப் போய், மொழிகள் தாறுமாறாகி வேலை நின்று போன ஊர், அதே பெயர்தான். கட்டுமானம் நின்று போன இடத்தின் பெயரை ஒரு கட்டுமானத்துக்கு வைப்பதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

அவர்கள் போட்ட திட்டமும் ஒரு ஆர்க் கோப்பாகவே இருந்தது. செய்ய வேண்டிய வசதிகள் டூடூவாக வரிசையில் நின்றன, முடிந்தவை டன் ஆயின. நடுவே சோதனை நிரல்கள் அங்கேயே ஓடின.

வெளியிலிருந்து பார்க்கும்போது வேலை சுலபம் போலத் தெரியும். ஒரு வரியில் எண் குறி, கூட்டல் குறி, 'பிகின் எஸ்ஆர்சி' என்ற சொல், பக்கத்தில் மொழியின் பெயர். கடைசியில் அதே போல 'எண்ட்'. நடுவில் நிரல். விசையைத் தட்டினால் ஓடி, விடை கீழே வர வேண்டும். இதில் திட்டமிட என்ன இருக்கிறது?

முதல் கேள்வியே சிக்கல். விடை என்றால் எது? நிரல் திரையில் அச்சிடுவதா, கடைசியில் கிடைக்கும் மதிப்பா? ஆர் மொழியில் கடைசி வரியின் மதிப்பைச் சுலபமாக எடுக்கலாம். ஷெல்லில் அப்படி ஒன்று கிடையாது, அச்சிட்டதுதான் விடை. பேபல் இரண்டையும் வைத்துக் கொண்டது. 'வேல்யூ' என்றால் மதிப்பு, 'அவுட்புட்' என்றால் அச்சிட்டது. எழுதுபவர் தலைவரியில் சொல்லிவிட வேண்டும். பைத்தானுக்கு மதிப்பு வேண்டுமானால் நிரலை ஒரு ஃபங்ஷன் போலச் சுற்றிக் கொண்டார்கள். அதனால் 'ரிட்டர்ன்' எழுதினால்தான் விடை வரும். முதல் முறை பயன்படுத்துகிறவர் இங்கே கட்டாயம் ஒரு அரைமணி நேரமாவது முழிப்பார். இது அழகான தீர்வு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்வி, ஒரு மொழியின் விடையை இன்னொரு மொழிக்கு எப்படிக் கொடுப்பது? ஆர் மொழியின் தரவுச் சட்டம் பைத்தானுக்குப் புரியாது. பைத்தானின் பட்டியல் ஷெல்லுக்குப் புரியாது. பத்து மொழி இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒன்பதுக்கு மொழிபெயர்ப்பு எழுத வேண்டும், தொண்ணூறு பாலம். பேபல் செய்தவர்கள் கோப்பிலேயே ஏற்கனவே இருந்த ஒன்றை எடுத்துக் கொண்டார்கள்: ஆர்க் அட்டவணை. ஒவ்வொரு மொழியும் அட்டவணையை வாங்கவும் கொடுக்கவும் தெரிந்து கொண்டால் போதும்.

ஒரு மளிகைக் கடையின் மாதக் கணக்கை நினைத்துக் கொள்ளுங்கள். தேதி, விற்பனை, கடன் என்று மூன்று பத்தி கொண்ட அட்டவணை. அதற்கு ஒரு பெயர். கீழே பைத்தான் துண்டு அந்தப் பெயரைச் சொல்லி அட்டவணையைக் கேட்டால், பைத்தானுக்குப் பட்டியலாகப் போகும். கடன் பாக்கி இவ்வளவு என்று புது அட்டவணையைத் திருப்பிக் கொடுக்கும், அதுவும் கோப்பிலேயே எழுத்தாக வந்து நிற்கும். அதன் பெயரை ஆர் துண்டு கேட்டால் தரவுச் சட்டமாகப் போய், வரைபடமாகத் திரும்பும். கடைக்காரர் ஒரு நாள் விற்பனையைத் திருத்தினால், திரும்ப ஓட்டியதும் படம் வரைக்கும் எல்லாம் மாறும். யாரும் எதையும் எடுத்தெழுதவில்லை. நடுவில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிகிறது. தணிக்கை செய்பவர் ஈமேக்ஸ் இல்லாமல் வெறும் நோட்பேடில் திறந்தாலும் இரண்டு அட்டவணையையும் படிக்கலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. அட்டவணை என்பது எல்லா மொழிக்கும் பொதுவான மிகச் சாதாரண வடிவம். தேதி என்ற வகை தெரிந்த மொழியிலிருந்து புறப்பட்ட தேதி, வெறும் எழுத்தாகப் போய்ச் சேரும். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட தரவை அட்டவணையாகக் கோப்புக்குள் கொட்டினால் ஈமேக்ஸ் திணறும். அந்த மாதிரி இடங்களில் தரவைத் தனிக் கோப்பில் வைத்துவிட்டு, அதன் பெயரை மட்டும் துண்டுகளுக்கு நடுவே கொடுத்து வாங்குவதுதான் வழி. அப்படிச் செய்தால் கண்ணுக்குத் தெரிவது என்ற நன்மை போய்விடுகிறது.

மூன்றாவது கேள்விக்குத்தான் பின்னால் மற்றவர்களும் அதிக விலை கொடுத்தார்கள். ஒவ்வொரு துண்டும் புதிதாகத் தொடங்கி முடிய வேண்டுமா, அல்லது முந்தைய துண்டில் உருவான மாறிகள் அடுத்த துண்டிலும் உயிரோடு இருக்க வேண்டுமா? உயிரோடு இருந்தால் வேலை வேகம். ஆனால் நாலாவது துண்டை ஓட்டிவிட்டு, இரண்டாவதைத் திருத்தி, மூன்றாவதை மறந்துவிட்டால், திரையில் இருக்கும் விடைக்கும் கோப்பில் இருக்கும் நிரலுக்கும் சம்பந்தம் இல்லாமல் போகும். பேபல், தானாக விட்டால் ஒவ்வொரு துண்டையும் புதிதாகவே ஓட்டும். தொடர்ச்சி வேண்டும் என்பவர் 'செஷன்' என்று தானே எழுதிக் கேட்க வேண்டும். சரியான முடிவு இதுதான் என்பதற்குப் பத்து ஆண்டு கழித்து ஒரு சாட்சி கிடைத்தது.

2011 டிசம்பரில் ஐபைத்தான் நோட்புக் வந்தது. 2014இல் ஜூபிட்டர் என்று வளர்ந்தது. உலாவியில் திறக்கும், பார்க்க அழகு, கற்பது சுலபம். ஈமேக்ஸின் விசைச் சேர்க்கைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அதனால் உலகம் அந்தப் பக்கம் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அதில் தொடர்ச்சிதான் வழக்கம், துண்டுகளை எந்த வரிசையிலும் ஓட்டலாம். 2019இல் ஒரு ஆய்வுக் குழு கிட்ஹப் தளத்திலிருந்து சுமார் 14 லட்சம் நோட்புக்குகளைத் திரட்டியது. ஓட்டிப் பார்க்கத் தகுதியானவற்றில் ஏறக்குறைய 24 சதவீதம்தான் பிழையின்றி ஓடின. முன்பு வந்த அதே விடையைக் கொடுத்தவை சுமார் 4 சதவீதம். கணக்கைக் கட்டுரையோடு சேர்த்து வைத்தாலே போதாது என்று இந்த எண்கள் காட்டுகின்றன. (பேபல் கோப்புகளை இப்படி யாராவது லட்சக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் அவையும் பல இடங்களில் தடுக்கி விழும். மென்பொருளின் எந்தப் பதிப்பில் ஓட்டியது என்பதை பேபல் தானாக எழுதி வைப்பதில்லை.)

2010இல் ஆர்க் மோடின் 7ஆம் பதிப்போடு பேபல் அதன் உள்ளேயே சேர்ந்துவிட்டது. சேர்ந்த பிறகு பெயர்ச் சிக்கல். துண்டுக்குப் பெயர் வைக்க 'சோர்ஸ்', 'ஃபங்ஷன்', 'எஸ்ஆர்சிநேம்' என்று மூன்று சொல், அட்டவணைக்கு 'டிபிஎல்நேம்' என்று வேறொரு சொல். அவரவர் வழக்கத்துக்கு இடம் கொடுத்ததன் விளைவு. 2011 கடைசியில் பயனர்களைக் கலந்து பேசி எல்லாவற்றையும் 'நேம்' என்ற ஒரே சொல்லாக்கினார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பழைய கோப்புகள் வைத்திருந்தவர்கள் உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. 2012 ஜனவரியில் ஷுல்ட்டே, டேவிசன், தாமஸ் டை, டொமினிக் நால்வரும் புள்ளியியல் மென்பொருளுக்கான ஒரு ஆய்விதழில் பேபலைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். இவர்களில் டை ஹவாயில் இருக்கும் தொல்லியலாளர். வானியல், கணினியியல், தொல்லியல் என்று ஆசிரியர் பட்டியலே பல மொழி பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் அதில் ஓடும்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம். எழுத்துக் கோப்பு நிரலை ஓட்டும் என்றால், யாரோ மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பும் ஓட்டும். 1999 மார்ச்சில் மெலிசா என்ற வைரஸ் வேர்ட் கோப்புக்குள் இருந்த மேக்ரோ வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள், அது நிரலாக ஓடியது. பேபலைத் திட்டமிட்டவர்கள் இதை மறக்கவில்லை. ஒரு துண்டை ஓட்டச் சொன்னால் "ஓட்டட்டுமா?" என்று முதலில் கேட்கும். தொடக்கத்தில் ஈமேக்ஸின் சொந்த மொழியான லிஸ்ப் மட்டும்தான் திறந்திருக்கும், மற்ற மொழி ஒவ்வொன்றையும் பயனரே திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கேட்பது எரிச்சல் என்று பலர் அந்தக் கேள்வியை அணைத்து வைத்திருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் அமைப்புக் குறிப்புகளில் அதை அணைக்கும் வரியை அடிக்கடி பார்க்கலாம். தயவுசெய்து அந்த வரியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பிரதி எடுக்காதீர்கள்.

முன்வாசலில் இவ்வளவு காவல் இருந்தும் 2024 ஜூனில் பக்கத்துச் சந்து ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. நிரல் துண்டில் இல்லை, ஆர்க் மோடின் இணைப்புச் சுருக்கங்களை விரிக்கும் இடத்தில். அந்த வழியாக ஒரு கோப்பு, யாரையும் கேட்காமல் லிஸ்ப் நிரலை ஓட்டிவிட முடியும். உடனே ஆர்க் 9.7.5 வந்தது. ஈமேக்ஸ் 29.4 என்ற அவசரப் பதிப்பும் அதே மாதம் வெளியானது. அது வெளிவந்ததே அந்த ஓட்டையை அடைக்கத்தான்.